மருந்து டப்பாவைக் காணோம்

மருந்துங்கிற சொல்லைக் கேட்டா எனக்கு இன்னைக்கும் பயம்தான். சிரிக்காதீக. நம்ம கம்பம் பள்ளத்தாக்குல காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்துதான், திராட்சைக்கு அடிக்கிற விஷமும் மருந்துதான், மனசு விட்டுப்போனவுக கையில எடுக்கிறதும் மருந்துதான். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே சொல்லை வச்சிருக்கோம், எந்த மகராசன் வச்சானோ. ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னு, "அவுக மருந்து வாங்கப் போயிருக்காக"ன்னு யாராவது சொன்னா, எந்த மருந்துன்னு கேட்டுட்டுத்தான் நான் அடுத்த வார்த்தை பேசுவேன். கூட வேலை பார்த்தவுக இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவாக. பண்ணட்டும்.

நீங்கள்லாம் நல்லாப் படிச்சுட்டு வேலைக்கு வந்திருக்கீக. மண்ணுல என்ன இருக்கு, இலையில என்ன குறைச்சல்னு மிஷினே சொல்லிரும். அதைச் சொல்லித்தர நான் வரல. ஒயின் கம்பெனிக்குப் பழம் கொடுக்கிற தோட்டங்களைப் பார்த்துக்கிற வேலையிலயே தலை நரைச்சவ நான். போடி கடைவீதியில இரும்புக்கடை வச்சிருந்தவரோட மக, வெயில்ல திராட்சைத் தோட்டம் திராட்சைத் தோட்டமாப் போய்க் கத்தணும்னு தலையில எழுதியிருக்கு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் கத்துனேன். தோட்டக்காரவுக எனக்கு முன்னால "அக்கா"ம்பாக, நான் வண்டியை எடுத்துட்டா "இடி போயிருச்சு"ம்பாக. எல்லாம் எனக்குத் தெரியும்.

கத்தாம என்ன செய்ய? ஒயினுக்குப் பழம்னா என்னன்னு புரியவைக்கிறதுக்குள்ள தொண்டத்தண்ணி வத்திரும். சந்தைக்குப் போற பன்னீர் திராட்சைன்னா கறுத்ததும் வெட்டிரலாம். வெட்டுக்கு முந்தி ஒரு தண்ணி விடுவாக, பழம் கும்முன்னு ஊதி எடை நிக்கும். அதே பழத்தை ஒயின் தொட்டிக்குக் கொண்டுவந்தா வெறும் கலர்த் தண்ணிதான் மிஞ்சும். ஒயினுக்கு இனிப்பும் புளிப்பும் ஒண்ணை ஒண்ணு அமுக்காம நிக்கணும். அதுக்குக் கொடியில கொத்தைக் குறைக்கணும், கடைசித் தண்ணியை நிறுத்தணும், களைக்கொல்லியைத் தொடாம வரிசைக்கு நடுவுல புல்லை வளரவிட்டு, அறுத்து அங்கனயே மூடாக்காப் போடணும். பழம் நிறம் மாறுனப்புறம் விஷத்துப் பக்கமே போகக்கூடாது. மருந்து தங்கின சாறு சரியாப் புளிக்காது. அப்படியே புளிச்சாலும் அது ஒரு மனுசன் வயித்துக்குத்தானே போகப்போகுது?

இதையெல்லாம் ஒத்துக்கிட்டு வந்தவுகள்ல ஒருத்தன் தங்கப்பாண்டி. ராயப்பன்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்துல தோட்டம். என்னை விடச் சின்னவன், அதனால அவன் இவன்னுதான் பேசுவேன். வாய் ஜாஸ்தி. பெண்டாட்டி ஈஸ்வரி அதுக்கு நேர்மாறு, நாலு கேள்வி கேட்டா ஒரு பதில் வரும். பக்கத்துத் தோட்டம் அவனோட கூடப்பிறந்த அண்ணனுது. நடுவுல ஒரு வரப்புதான், ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அத்துப்போய் ரொம்பக் காலம். அண்ணன்காரன் எந்திரிச்சதும் பல்லு விளக்குறதுக்கு முந்தி மருந்து அடிக்கிற ஆளு. அவனை வச்சுக்கிட்டே டீக்கடையில இவன் சவால் விட்டிருக்கான், விஷம் இல்லாம வெள்ளாமை எடுத்துக் காட்டுறேன், இல்லாட்டி இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க மாட்டேன்னு. என் காதுக்கு வந்ததும் பிடிபிடின்னு பிடிச்சேன்.

"ஏலே, வானம் உன்கிட்டக் கேட்டுட்டா பெய்யுது? எதுக்குடா ஊருக்கு முன்னால வாயை விடுற?"

"நீங்க இருக்கீகள்லக்கா"ன்னு சிரிச்சான்.

முதல் வெள்ளாமை மழையில போச்சு. மொத்தமாப் போச்சு. பழம் பூரா வெடிச்சு, பந்தலுக்கு அடியில கால் வைக்க முடியாம ஈயும் புளிச்ச வாடையும். அப்பவும் சிரிச்சுக்கிட்டேதான், "அடுத்த வெள்ளாமை இருக்குல்லக்கா, அதுவும் போனா அம்புட்டுத்தான்"னான். அம்புட்டுத்தான்னு நாம பஸ் போயிட்டாலும் சொல்லுவோம், பால் திரிஞ்சாலும் சொல்லுவோம். நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

அடுத்த வெள்ளாமை வந்துச்சு பாருங்க, கண்ணு பட்டுரும்போல. சின்னச் சின்ன மணியா, கறுகறுன்னு, தோல் கெட்டியா. கடிச்சா முதல்ல இனிக்கும், பின்னாலயே புளிப்பு வந்து நாக்கைச் சுண்டும். எங்க ஒயின் மாஸ்டர் கேரளாக்காரர், எதையும் லேசுல நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாக. அவுகளே ரெண்டு பழத்தை வாயில போட்டுட்டு, "கொள்ளாமல்லோ"ன்னாக, நல்லாருக்கேன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் இனிப்பு ஏறட்டும், வெட்டிரலாம்னு சொல்லிட்டுப் போனாக.

அந்த இன்னும் கொஞ்சத்துலதான் வானம் மூடுச்சு. மலைமேல நின்ன மேகம் இறங்கி வந்து தோட்டத்துக்குள்ளயே உட்கார்ந்துக்கிச்சு. ஓங்கிப் பெய்ஞ்சுட்டு ஓடுனாலாவது நிம்மதி. அதுவும் இல்ல, நசநசன்னு சாரல். வெயில் தலைகாட்டல, இலை காயல. செவட்டை நோய் வந்துருச்சு. நீங்க அதைப் புத்தகத்துல வேற பேர்ல படிச்சிருப்பீக. இலைக்கு மேல மஞ்சப் பொட்டாத் தெரியும், திருப்பிப் பார்த்தா அடியில வெள்ளையாப் பூத்திருக்கும், அப்புறம் கருகிக் கொட்டிரும். இலை கொட்டிருச்சுன்னா இனிப்பு ஏறாது. கொட்டுன இலை கொத்துமேல ஈரத்தோட ஒட்டிக்கிட்டா பழம் அழுகும். ஒரு பக்கம் ஆரம்பிச்சா தோட்டம் முழுக்க ஓடிரும். சொந்த வீட்டுக்குள்ள நெருப்பு பரவுறதைப் பார்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்.

"அக்கா, ஒரே ஒரு மருந்து அடிச்சுக்கிறேன். அடிச்சா நின்னுரும்"னான் தங்கப்பாண்டி.

"கூடாது."

"யாருக்குக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். தொட்டியில கிடக்கிற சாறுக்குத் தெரியும். நோய் விழுந்த இலையைக் கிள்ளிப் போடு. கொத்துப்பக்கம் இலையை விலக்கிக் காத்து விடு. நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாரேன்."

"அண்ணன் அடிச்சுட்டான். அவன் பந்தல் பச்சையா நிக்குது. அங்கனருந்து என்னையப் பார்த்துச் சிரிக்கிறான்க்கா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். அதுக்கு நீ ஏன்டா சாகுற?"

நம்ம பேச்சுல சாதாரணமா வர்ற வார்த்தைதான். நான் சொன்ன யோசனையும் சரிதான், இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். வாய் ஜாஸ்தின்னு சொன்னேன்ல, அந்த வாய் மூடியிருந்துச்சு. நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில இலை கிள்ள ஆள் கேட்டு மார்க்கையன்கோட்டைப் பக்கம் வேற ஒரு தோட்டத்துல நிக்கிறேன், ஈஸ்வரிகிட்டருந்து போன். அந்தப் பிள்ளை எனக்குப் போன் போட்டதே கிடையாது.

"அக்கா"ன்னா. அப்புறம் மூச்சு மட்டும்தான் கேக்குது.

"சொல்லும்மா. என்ன?"

"அவுகளைக் காணோம்க்கா. மருந்து டப்பாவையும் காணோம்."

"எந்த டப்பா?"

"பழசு. இனிமே வேணாம்னு தொழுவத்து மேல செருகி வச்சிருந்தாக. காலையில சாப்பிடல. போனு இங்கனயே கிடக்கு. தூங்கிட்டிருந்த பாப்பா தலையைத் தடவிக் கொடுத்துட்டுப் போனாகளாம், அவ எந்திரிச்சு இப்பத்தான் சொல்றா. அவுக அப்படியெல்லாம் செய்ற ஆளே இல்லையேக்கா."

பாப்பா தலையைத் தடவுனான்னு சொன்னா பாருங்க, அதுலதான் சாகப் போயிட்டானோன்னு பதறிட்டேன். ஸ்கூட்டரைப் பார்த்து ஓடுனேன். அந்த நேரத்துல மூளை வேலை செய்யாது பிள்ளைகளா. ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எதுவும் நடக்கலாம், கிட்டக்க யாரு இருக்கா? வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருக்கான். அவன் நம்பர் என்கிட்ட இருந்துச்சு. பேச்சு இல்லாதவன், சிரிச்சவன், அவனைக் கூப்பிட்டா தங்கப்பாண்டிக்கு மானம் போயிருமேன்னு ஒரு நினைப்பு குறுக்க வந்துச்சு. தூக்கிப் போட்டேன். மானத்தை உயிரோட இருக்கிறவன் அப்புறமாத் தேடிக்கிடலாம்.

"ஏப்பா, உன் தம்பி மருந்து டப்பாவோட எங்கனயோ போயிருக்கான். பழைய கதையெல்லாம் பேச நேரமில்ல. ஓடு."

வரப்புல தடதடன்னு ஓடுற சத்தம்தான் கேட்டுச்சு, போனைக்கூட அணைக்கல. ஆம்புலன்சுக்குச் சொல்லி வழியைச் சொன்னேன். ஈஸ்வரியைக் கூப்பிட்டு, தனியாப் போகாத, கிணத்து மேட்டையும் மோட்டார் ரூமையும் பார்க்க ஆள் கூட்டிட்டுப் போன்னேன்.

வண்டியில போறப்ப நான் செஞ்ச ஜெபத்தை எந்தச் சபையிலயும் சொல்ல முடியாது. கர்த்தாவே, அவன் அடிக்கட்டும். என் பேச்சை மீறி அடிக்கட்டும். தோட்டம் முழுக்க, ஒரு இலை விடாம, டப்பா காலியாகுற வரைக்கும் அடிக்கட்டும். பழம் நாசமாப் போகட்டும். இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு வந்தேன். பழத்துல மருந்து படக்கூடாதுன்னு வாழ்நாள் முழுக்கக் கத்துனவ நான்.

தோட்டத்து வேலிகிட்டப் போனப்பவே வாடை வந்துருச்சு. மருந்து வாடை. அப்படியே நின்னுட்டேன். அந்த வாடையில இருந்து எதையும் தெரிஞ்சுக்கிட முடியாது. அடிச்சிருந்தாலும் அதே வாடைதான், டப்பா கவுந்து கிடந்தாலும் அதே வாடைதான். பந்தலுக்குக் கீழ மேகம் இறங்கி நாலு கொடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. எங்கனயோ அண்ணன்காரன் "பாண்டி... ஏலே பாண்டி..."ன்னு கத்துறான், குரல் உடைஞ்சு போச்சு. பதில் இல்ல. உள்ள போகணும், எனக்குக் கால் எடுத்து வைக்கப் பயம். நான் போகாத வரைக்கும் அவன் உயிரோட இருக்கான்ல, அப்படி ஒரு கிறுக்குப் புத்தி.

அப்புறம் குனிஞ்சு பார்த்தேன். பந்தலுக்கு அடியில மேகத்துக்குள்ள ரெண்டு காலு தெரிஞ்சுச்சு. நின்ன காலு. முதுகுல கைப்பம்பு மிஷினோட, மூக்குல ஒரு துணிகூடக் கட்டாம, இங்கிட்டும் அங்கிட்டும் மருந்து அடிச்சுக்கிட்டு இருக்கான். அடிக்கிற வெறியில அண்ணன் கூப்பிட்டது எதுவும் அவன் காதுல விழல.

நான் சேத்துல உட்கார்ந்துட்டேன். அழுகையும் வருது, அவனைக் கண்டமானிக்கு வையவும் செய்றேன். அண்ணன் அந்தப் பக்கமிருந்து வந்தான். வந்தவன் தம்பி முதுகுல இருந்த மிஷினைக் கழட்டித் தரையில வச்சான். "சட்டையைக் கழட்டு, நனைஞ்சு போய் இருக்கு"ன்னான். அத்தனை காலத்துக்கு அப்புறம் அவன் தம்பிகிட்டப் பேசுனது அதுதான்.

தங்கப்பாண்டி என்னையப் பார்த்ததும் முகம் செத்துப்போச்சு. "ஏசிராதீகக்கா. பொறுக்க முடியல, அடிச்சுட்டேன். ஒயினுக்கு ஆகாதுல்ல? பரவாயில்ல, நாளைக்கே வெட்டிக் கேரளாச் சந்தைக்குப் போற வண்டியில ஏத்திவிட்டுருறேன்."

இங்கனதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கு. பிழைச்சான்னு எனக்கு உயிர் வந்து நிமிசம் ஆகல, அடுத்த பயம் நெஞ்சுல ஏறி உட்கார்ந்துருச்சு. அந்தப் பழம் கேரளா வண்டிக்கும் ஆகாது. டப்பாவுல போட்டிருக்கிற நாள் கழியிற வரைக்கும் வெட்டக்கூடாது. அந்த மழைக்கு அதுவரைக்கும் கொடியில எது நிக்கும்? வெட்டி அனுப்புனா ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை கழுவாமக்கூடத் தின்னும். சொல்லித்தான் ஆகணும். செத்துப்போயிட்டானோன்னு இப்பத்தான் பதறி ஓடிவந்திருக்கேன், அதே ஆளுகிட்ட உன் பழம் எதுக்கும் ஆகாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? இந்தத் தடவை மட்டும் கண்ணை மூடிக்கடின்னு உள்ளுக்குள்ள ஒருத்தி கெஞ்சுனா. யாரும் பார்க்கல, அண்ணன்காரன் சொல்ல மாட்டான். ஆனா மூடிட்டா அடுத்த மழைக்கும் அவன் இதையேதான் செய்வான், நானும் இதையேதான் செய்வேன்.

"முதல்ல குளி. பழத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்"னேன்.

மோட்டாரைப் போட்டுவிட்டு சோப்பு போட்டு நல்லாக் குளிக்க வச்சோம். ஆம்புலன்ஸ்ல வந்தவுக கண்ணையும் நாடியையும் பார்த்தாக, நெஞ்சைக் கேட்டாக, மூக்கை மூடாம மருந்து அடிச்சதுக்கு வாங்கு வாங்குன்னு வாங்குனாக. ஈஸ்வரி இட்லி கொண்டாந்தா. அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் பேசல. கெட்ட சேதியைச் சொல்லாம விடக்கூடாது. ஆனா பசிச்ச வயித்தோட தனியா நிக்கிறவன்கிட்ட அதைச் சொல்லக்கூடாது. ஒரு பக்கம் ஈஸ்வரி, ஒரு பக்கம் அண்ணன், நடுவுல அவன் உட்கார்ந்தப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"பாண்டி, அடிச்ச வரிசை போச்சுடா. ஒயினுக்கும் இல்ல, வண்டிக்கும் இல்ல."

அவன் தரையவே பார்த்துக்கிட்டு இருந்தான்.

"அடிக்காத வரிசை இருக்குல்ல? அதை எப்படிக் காப்பாத்துறதுன்னு இப்பப் பேசுவோம். எம்புட்டு அடிச்ச, எந்திரிச்சு வந்து காட்டு"ன்னேன்.

மேற்கு ஓரத்துல ஆரம்பிச்சு பாதிக்குக் கிட்ட வந்திருந்தான். காத்து இல்லாதது நல்லதாப் போச்சு. அதையும் நம்பாம இன்னும் சில வரிசை தள்ளிச் சாக்குக் கயிறைக் கட்டி, இதுக்கு இங்கிட்டு இருக்கிறது மட்டும்தான் பழம்னேன். "அதுல மருந்து படலைக்கா"ன்னு கெஞ்சுனான். "பட்டிருந்தா?"ன்னு கேட்டுட்டு முடிச்சை இறுக்குனேன். ஒயின் மாஸ்டருக்கு அங்கனருந்தே போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் மலையாளத்துல திட்டுனாக. அப்புறம், மிச்சத்துல இருந்து மாதிரி அனுப்புங்க, சோதனையில மருந்து இல்லன்னு வந்தா வெட்டிரலாம், இனிப்பு ஏறுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னாக. ஓடைப்பட்டிப் பக்கத்துப் பழம் வெயில்ல இனிச்சுக் கிடக்கு, புளிப்பே இல்ல, இந்தப் பழத்தைச் சேர்த்தா அது எந்திரிச்சு நிக்கும்னாக. பின்னால அப்படித்தான் நின்னுச்சு, நல்ல ஒயின்.

சோதனை முடிவு வர்ற வரைக்கும் எல்லாரும் சேர்ந்து இலை கிள்ளுனோம். அண்ணன் சொந்தத் தோட்டத்தைப் போட்டுட்டு வந்து நின்னான். ராத்திரி தம்பி வீட்லயே படுத்துக்கிட்டான், யாரும் சொல்லல. முடிவு நல்லபடியா வந்துச்சு. கயிறுக்கு அங்கிட்டு இருந்ததெல்லாம் கொடியிலயே அழுகி, குழி தோண்டிப் புதைச்சோம்.

வெட்டு நடந்த அன்னைக்கு, கூடையெல்லாம் வண்டியில ஏறினப்புறம் தங்கப்பாண்டி என் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். அதுவரைக்கும் கேக்கப் பயந்துக்கிட்டு இருந்ததை அப்பக் கேட்டேன்.

"மறைக்காம சொல்லு. அன்னைக்குக் காலையில டப்பாவை எடுத்தப்ப, அடிக்கத்தான் எடுத்தியா?"

கீழ கிடந்த ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இல்லக்கா. மூடியைத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தேன். அப்ப மேல பார்த்தேன், நல்லாருந்த கொடியில ஒரு இலை. முந்துன நாள் பார்த்தப்ப சுத்தமா இருந்துச்சு. அதுல மஞ்சப் பொட்டு. சனியன், இதுக்கும் வந்துருச்சான்னு சுள்ளுன்னு கோவம் வந்துருச்சு. எந்திரிச்சுப் போய் மிஷினை மாட்டிட்டேன்."

கூடை எண்ண வந்த ஈஸ்வரி பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டா. அன்னைக்குச் சாயந்திரமே அவளும் அண்ணனும் அவனைத் தேனிக்கு, மனசு பார்க்கிற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாக. நான் கிளம்புறதுக்கு முந்தி தொழுவத்துக்குள்ள போய், மிச்சம் மீதி இருந்த டப்பா அத்தனையையும் வாரி ஸ்கூட்டர்ல கட்டுனேன்.

நீங்களும் தோட்டம் தோட்டமாப் போய், அடிக்காதன்னு சொல்லத்தான் போறீக. சொல்லுங்க, அதான் உங்க வேலை. ஆனா சொல்லிட்டு வெறுங்கையோட மட்டும் திரும்பாதீக.